பத்து ரூபாய்க்கு ரசீது உண்டு, கோடிக்கு?

பனியன் கம்பெனித் தோழர்களே! ஒண்ணரை ஷிப்ட் முடித்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

சற்றுமுன் நன்கொடை ரசீதுப் புத்தகம் உங்களிடையே வந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாயை எடுத்தார். விரலெல்லாம் பஞ்சுத் தூசி. புத்தகம் கொண்டுவந்த தம்பி, அவர் பெயரைக் கேட்டு எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை மடித்து அதே முந்தானையில் முடிந்துகொண்டார்.

பத்து ரூபாய்க்குப் பெயர் இருக்கிறது. கோடிக்கு?

2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை வாங்கலாம். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கட்சிக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை 2017லேயே தூக்கிவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கொட்டிக் கொடுக்கலாம்!

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் செல்லாது என்றது. அதன்பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. கொடுத்ததில் முதலிடம் யாருக்கு? பக்கத்துக் கோவையின் லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங்குக்கு! 1,368 கோடி! அதில் 509 கோடி, லாட்டரிக்கு 2003 முதல் தடை உள்ள தமிழ்நாட்டின் திமுகவுக்கு. எல்லாரையும்விட அதிகமாக, 6,000 கோடிக்கு மேல் பத்திரத்தில் வாங்கியது பாஜக. எதற்குக் கொடுத்தாய், எதற்கு வாங்கினாய் என்று கேட்கும் உரிமையையே ஆறு வருடம் நம்மிடமிருந்து பறித்து வைத்திருந்தார்களே, அதுதான் குற்றம்!

சட்டம் எழுதும் மேசைக்கு யார் குரல் சீக்கிரம் எட்டுகிறது? பஞ்சப்படிக்காக 1984இல் இந்தத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை! பெரிய கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்க 2019 செப்டம்பரில் எத்தனை நாள் ஆனது? ஒரே அவசரச் சட்டம்! வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று மத்திய அரசே சொன்னது.

2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எந்த ஓவர்லாக் டைலர் மனுக் கொடுத்தார்? எந்தச் செக்கிங் அம்மா கேட்டார்? முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள்; மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள்.

பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன முதலாளியை நான் குறை சொல்லவில்லை. நேற்றுவரை அவரும் நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த டைலர்தான். சட்டம் எழுதும் மேசைக்கு அவர் குரலும் எட்டுவதில்லை.

கட்சிகளே, நன்கொடைக் கணக்கை ஓட்டெல்லாம் எண்ணி முடித்த பிறகு காட்டாதீர்கள். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஓட்டுப் போடும் முன்பே ஊரறியச் சொல்லுங்கள். கேட்டால் இந்த அம்மா தன் ரசீதை எடுத்து நீட்டுவார். நீங்களும் நீட்டுங்கள். பிறகு இவர் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வாருங்கள்!