உபரியும் உபவும்: மருத்துவச் சொற்களின் உறவுமுறை
(நம் சங்கத்தின் குடும்ப சந்திப்பில் நிகழ்த்திய உரை)



நான் வைத்தியன் அல்ல; ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் மருத்துவச் சொற்களைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் இன்று வீட்டில் இருவர் மட்டுமாக இருக்கிறோம். பிள்ளைகள் வேறு ஊரில் அல்லது வேறு தேசத்தில். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காகிதங்களை நாமேதான் படித்தாக வேண்டும். அதிலுள்ள சொற்களைப் பார்த்ததும் பாதிப் பேர் மூடி வைத்துவிடுகிறோம். அவை அவ்வளவு அந்நியமானவை அல்ல என்று சொல்லத்தான் வந்தேன்.

எல்லோரையும் குழப்பும் ஜோடி ஒன்று உண்டு: 'ஹைப்பர்', 'ஹைப்போ'. இரண்டும் கிரேக்கச் சொற்கள். முதலாவதற்கு 'மேலே, அதிகமாக' என்று பொருள். ஸம்ஸ்க்ருதத்தில் 'உபரி' என்றாலும் மேலே. தமிழிலும் உபரி நீர், உபரி வருமானம் என்கிறோம். ஹைப்போ என்றால் கீழே. அதன் உடன்பிறப்பு நம்முடைய 'உப'. அருகில் என்பது அதன் முக்கியப் பொருள் என்றாலும், உபதலைவர், உபநதி என்னும்போது ஒரு படி கீழே என்பதும் வந்துவிடுகிறது. 'உ'கரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஹ' சேர்த்து உச்சரிப்பது பழைய ஆதென்ஸ் நகரத்துக் கிரேக்கத்தின் வழக்கம். அந்த 'ஹ'வை எடுத்துவிட்டால் உறவு தெரிந்துவிடும்.

இனி 'ஹைப்போகிளைசீமியா'வைப் பிரிப்போம். ஹைப்போ, குறைவு, கிளைக், இனிப்பு, ஈமியா, ரத்தத்தில். ரத்தத்தில் சர்க்கரை குறைவு. ஹைப்பர் போட்டால் சர்க்கரை உபரி. நடுவில் ஓரெழுத்து மாறினால் செய்ய வேண்டியதும் நேர் எதிராக மாறிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மாமி ஒருவர் பதறிப்போய் போன் செய்தார். "இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டறது, கை நடுங்கறது. ஏதோ ஹைப்போன்னு டாக்டர் முன்னாடியே எழுதியிருக்கார். சர்க்கரை ஏறிடுத்து போலிருக்கு, இன்சுலின் போட்டுடட்டுமா?" என்றார். "போடாதீங்கோ! நினைவு இருக்கோன்னோ? உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். குளுக்கோமீட்டரில் 52 காட்டியது. கால் மணி நேரத்தில் அவர் தெளிந்தார். அன்று இன்சுலின் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது குறைவு. நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிதான்.

இதே ஜோடி 'ஹைப்பர்கலீமியா', 'ஹைப்போகலீமியா' என்றும் வரும். 'கலியம்' என்பது பொட்டாசியத்தின் லத்தீன் பெயர். சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பொட்டாசியத்தின் குறியீடு 'கே' என்று இருப்பதும் இதனால்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவரின் காகிதத்தில் ஹைப்பர்கலீமியா என்று இருந்தால், நாம் உபசாரமாகக் கொடுக்கும் இளநீரே அவருக்கு ஆபத்தாகலாம், ஏனென்றால் அதில் பொட்டாசியம் நிறைய உண்டு.

மற்ற உறவினர்களையும் அறிமுகப்படுத்துகிறேன். ஞானம் இல்லாதது அஞ்ஞானம். ஆதி இல்லாதது அநாதி. மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. கிரேக்கத்திலும் அதே விதிதான். அப்படி வந்ததே 'அனீமியா', ரத்தம் போதாமை. உணர்ச்சியின்மையைக் குறிக்கும் 'அனஸ்தீஷியா'வும் அப்படியே. 1846-ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டியபின் அந்தப் பெயரை யோசனை சொன்னவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். நம் 'துஸ்', 'துர்' அங்கே 'டிஸ்'. அஜீரணத்தைக் குறிக்கும் 'டிஸ்பெப்ஸியா'வில் பின்பாதி, சமைப்பதைக் குறிக்கும் நம் 'பாக'த்தின் உறவு. 'ஆஸ்டியோபொரோஸிஸ்' என்பதில் இருப்பது நம் அஸ்தி.

உடனே, எல்லாம் ஸம்ஸ்க்ருதத்திலிருந்து போனதுதான் என்று மார்தட்ட வேண்டாம். 1786-ல் கல்கத்தாவில் ஏஷியாடிக் சொஸைட்டியில் பேசிய ஸர் வில்லியம் ஜோன்ஸ், ஸம்ஸ்க்ருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலமொழி இப்போது இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஆகவே இவை தாயும் மகளும் அல்ல, தாயாதிகள். கடனாகப் போன சொல் வேறு ரகம்: நம் 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய் 'ஷுகர்' ஆயிற்று.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "இது கூடுதலா, குறைவா? வீட்டில் திடீரென்று வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் கண்ணில் படுவது அதுதான்.