எந்த ஆனைக்கரை?

"எங்க தாத்தாவோட அப்பா ஆனைக்கரையில விவசாயம் பார்த்தவர், அவரைப் பத்தித் தெரியணும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஆனைக்கரை? பாலக்காட்டு ஆனைக்கரை, வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. இடுக்கி ஆனைக்கரை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. 1956 நவம்பர் 1 அன்றுதான் இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. ஆகவே மலபார்க் காகிதங்களைக் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்திலும், இடுக்கி மலைக்காகிதங்களைத் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டும்.

அங்கே ஓடுவதற்கு முன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். ஆதாரம் எழுதுவது என் தொழில். தமிழ்நாட்டு நேயர்கள் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோரும் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்துவிடுவார்கள். நான் நான்கெல்லைக்குத்தான் முதலில் போவேன்.

இடுக்கி ஏலமலைக் குடும்பம் ஒன்று பழைய ஆதாரம் கொண்டுவந்தது. எழுத்து முழுக்க மலையாளம். அடியில் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து மட்டும் தமிழ், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில். கிழக்கே ஓடை, வடக்கே பாதை, தெற்கே இன்னார் தோட்டம் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். கூட வந்திருந்த பெரியம்மா நிமிர்ந்தார்: "அது எங்க பாட்டியோட அண்ணன் பேராச்சே!" கம்பத்திலிருந்து மச்சானும் மச்சானுமாக மலையேறி, பக்கத்துப் பக்கத்தில் காடு திருத்தியிருக்கிறார்கள். இது எந்த அரசாங்கப் பதிவேட்டில் கிடைக்கும், சொல்லுங்கள்?

அந்த ஆதாரத்தின் தேதி, கொல்லம் ஆண்டு 1101 கன்னி மாதம். ஆங்கில ஆண்டு தெரிய, சிங்கம் மாதம் முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டிக்கொள்ளுங்கள். கணக்குப்படி 1925. "தொண்ணூத்தொம்போது வெள்ளத்துக்கு அப்புறம்தான் வந்தோம்" என்று வீட்டில் சொல்லிவந்த பேச்சும் சரியாகப் பொருந்தியது. 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில், மூணாற்றையே புரட்டிப்போட்ட வெள்ளம் அது.

மலபார்ப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முன்னோர் வெறும்பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதவரானால் ஆதாரத்தில் ஜன்மி என்கிற நிலக்கிழார் பெயர்தான் இருக்கும். பாட்டச்சீட்டு, நெல் அளந்த ரசீது, 1970க்குப் பின் நிலத் தீர்ப்பாயத்தில் கொடுத்த மனு, இவற்றில் தேடுங்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஊர் எந்தச் சீமை என்று பாருங்கள், எல்லையை வாசியுங்கள், ஆண்டைக் கூட்டுங்கள். கரையான் முந்திக்கொள்ளாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணிலிருந்து பெட்டியை இறக்குவீர்கள் என்று நம்புகிறேன். பெரியம்மா யாராவது வீட்டிலிருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உரக்க வாசியுங்கள்.