வண்டியில் பிள்ளையோடு போகிறீர்களா?



பெட்ரோல் டாங்கின் மேல் மூத்த பிள்ளை, பின்னால் அம்மா, மடியில் கைக்குழந்தை. சந்தைக்கும் திருவிழாவுக்கும் இப்படித்தானே மோட்டார் சைக்கிளில் போகிறோம்? கேட்டால், “பக்கத்துல தானே, மெதுவாத்தான் போறேன்” என்கிறோம்.

நாய் ஒன்று குறுக்கே ஓடினால் போதும். பிரேக் பிடித்ததும் முன்னால் இருக்கும் பிள்ளை ஹாண்டிலில் மோதும். அப்பாவின் பாரமும் அதன் மேல் விழும். மடிக்குழந்தையை அந்த நேரத்தில் எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. சிறு பிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரியது, கழுத்து மெலிந்தது. விழுந்தால் தலைக்குத்தான் ஆபத்து.

பின்னால் உட்காரும் பிள்ளைக்குக் கால் எட்டாது. கண் அசந்தால் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அந்தப் புண் ஆற வாரக்கணக்காகும்.

ஆகவே கவனியுங்கள்:

1. கைக்குழந்தையோடு பஸ்ஸில் போங்கள்.

2. மத்திய அரசு 2022-ல் அறிவித்த விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

3. 4 வயதுக்கு மேல் தலைக்கவசம் கட்டாயம். பெரியவருடையதைக் கவிழ்க்காதீர்கள், பிள்ளையின் அளவுக்கு வாங்கி, தாடை வாரை மாட்டிவிடுங்கள்.

4. பின்சக்கரத்துக்குத் தடுப்பு வலை போடுங்கள்.

5. ஓட்டுபவரோடு ஒருவர் மட்டுமே ஏறலாம், இது சட்டம்.

அப்பா தலைக்குக் கவசம் உண்டு. பிள்ளை தலைக்கு? இன்றே வாங்குங்கள்!