அந்த சர்டிபிகேட் எந்த மேஜையோடது?

இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு எக்ஸெல் ஷீட்டைப் பத்தி. ஓடிடாதீங்க, பத்து நிமிஷம்தான். அந்த ஷீட்ல ஒரே ஒரு வரியை நான் அழிச்சேன். ஒரு ஆபீஸுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பிளாட்டினம், கோல்டா இறங்கிடுச்சு. அழிச்சது சரியான்னு என்கிட்ட இன்னமும் கேக்கறவங்க இருக்காங்க. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல என் வேலை. பசுமைக் கட்டிடச் சான்றிதழ் வாங்க ஆவணங்கள் தயார் பண்றது. ஓஎம்ஆர்ல போறப்போ ஐடி பார்க் வாசல்ல 'லீட் கோல்ட்', 'லீட் பிளாட்டினம்'னு பலகை பார்த்திருப்பீங்களே, அந்தப் பலகைக்குப் பின்னாடி நூத்துக்கணக்குல பிடிஎஃப் இருக்கும். அதைச் சேர்க்கறதுதான் எங்க பொழப்பு. இந்தியாவுக்கு இது புதுசு இல்லை. 2003-லேயே ஹைதராபாத்தில் உள்ள சிஐஐ-யின் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் வாங்கிய முதல் கட்டிடம் என்ற பெயரைப் பெற்றது.

பசுமைக் கட்டிடம்னு சொன்னதும் எல்லாருக்கும் சோலார், மழைநீர் சேகரிப்பு, கரன்ட் பில் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். மேஜை நாற்காலிக்கும் அதுல மார்க் உண்டுன்னு சொன்னா சிரிப்பாங்க. நானும் வேலைக்குச் சேர்ந்தப்போ சிரிச்சேன்.

ஏன் மார்க்? எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு, சாதா பிளைவுட் எல்லாமே மரத்தூளையோ, சிம்புகளையோ, மெல்லிய மரத்தகடுகளையோ பிசின் போட்டு ஒட்டி அழுத்தி எடுப்பவை. அதில் அதிகம் பயன்படுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். விலை குறைவு, சீக்கிரம் இறுகும். ஆனால் சூடும் ஈரமும் பட்டால் அந்தப் பிசின் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியே விடும். மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில். சூடும் ஈரமும்! சென்னையில இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

அந்த வாயு கண்ணை எரிக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சு இழுக்கும். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பிரிவு அது.

ஒரு நிஜ சம்பவம் சொல்றேன். 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வீசியது. வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் டிரெய்லர் வீடுகள் கொடுத்தது. சின்ன இடம், உள்ளே சுவர், அலமாரி, கட்டில் எல்லாம் பலகை, வெளியே தெற்கு மாநிலங்களின் புழுக்கம். கண் எரியுது, மூக்கிலிருந்து ரத்தம் வருது, குழந்தைக்கு மூச்சுத் திணறுதுன்னு புகார்கள் குவிஞ்சுது. கடைசியில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி 519 வீடுகளில் காற்றை அளந்தது. நூறு கோடியில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. சராசரி 77. ஆனால் ஒரு வீட்டில் 3, இன்னொரு வீட்டில் 590. இதைக் கவனிங்க. வெளியே நின்னு பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி வீடுதான். எது 3, எது 590-ன்னு பார்வையில தெரியாது. அளந்தாத்தான் தெரியும். 2010-ல் பலகைகளுக்கான ஃபார்மால்டிஹைடு வரம்பை அந்த நாடு முழுவதற்கும் சட்டமாகவே கொண்டு வந்தார்கள்.

லீட் கேக்கறதும் அதேதான்: அளந்தியா? மேஜையையோ நாற்காலியையோ ஒரு மூடிய சோதனை அறைக்குள் வைத்து, சுத்தமான காற்றை உள்ளே அனுப்பி, வெளியே வரும் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆபீஸ் மரச்சாமான்களுக்கு பிஃப்மா என்ற அமைப்பு வகுத்த முறை இருக்கு. அதன்படி ஏழாவது நாள் கணக்குப்படி, ஒரு பணிமேஜைத் தொகுப்பிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டக் கூடாது. நாற்காலி என்றால் அதில் பாதி, 25. இதைத் தாண்டாத பொருளுக்குத்தான் சான்று. லீட் 4.1-ல், ப்ராஜெக்டில் வாங்கும் மரச்சாமான்களின் மொத்த விலையில் குறைந்தது 75 சதவீதம் இப்படிச் சோதித்துத் தேறியதாக இருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு, கண்ணாடி, கல் போன்றவற்றுக்குச் சோதனை தேவையில்லை. அவை இயல்பாகவே வாயு விடாதவை.

இப்போ நம்ம ஷீட்டுக்கு வருவோம்.

கணக்குக்கு எளிதா இருக்கட்டும்னு மொத்தம் 1 கோடின்னு வெச்சுக்கங்க. வொர்க்ஸ்டேஷன் 52 லட்சம். நாற்காலி 24. இரும்பு அலமாரி 9. ரிசப்ஷன் கவுன்டர், பேன்ட்ரி மாதிரி தச்சர்கள் சைட்லயே செஞ்சது 15. சைட்ல செஞ்சதுக்குச் சான்று கிடையாது, அதை விட்டுட்டேன். மிச்சம் 52, 24, 9. கூட்டினா 85 சதவீதம். 75 போதுமே! நான் பச்சைக் கலர் அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

டீ குடிச்சுட்டு வந்து, சும்மா ஒரு தடவை வொர்க்ஸ்டேஷன் சர்டிபிகேட்டைத் திறந்தேன். ரெண்டு பக்கம். தேதி சரி. வரம்பு சரி. பொருளோட சீரிஸ் பெயர்ல மட்டும் கடைசி எழுத்து வேற. இன்வாய்ஸ்ல இருந்த சீரிஸ் வேற. இன்னும் கீழ போனா, தயாரிச்ச இடம்னு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒண்ணு போட்டிருந்தது.

வெண்டருக்கு போன் பண்ணேன். "அது ஒண்ணுமில்ல மேடம், ஷிப்மென்ட் லேட் ஆச்சு. டாப் மட்டும் இங்க லோக்கல்ல போட்டுக் கொடுத்தோம். டிசைன் ஒண்ணுதான். போர்டும் இ1 கிரேடுதான்" என்றார்.

மறுநாள் அந்த ஷெட்டுக்கே போனேன். அங்க சூப்பர்வைசரா இருந்த அண்ணா நல்ல மனுஷன். பலகையில அடிச்சிருந்த இ1 முத்திரையைக் காட்டினார். பொய் இல்லை, முத்திரை இருந்தது. "இந்த டாப்பை லேப்ல டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் இருக்காண்ணா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டார். "ஏம்மா, மரப்பலகைக்குக் கூடவா ஜாதகம் கேப்பீங்க?"

ஆமாண்ணா, ஜாதகம்தான். இ1 என்பது ஐரோப்பிய முறையில் வெறும் பலகைக்குக் கொடுக்கும் தரம். அதை வெட்டி, மேல லேமினேட் ஒட்டி, ஓரத்துல எட்ஜ் பேண்ட் அடிச்சு, வயர் போக ஓட்டை போட்ட பிறகு அது வேற பொருள். லேமினேட் மூடிய இடத்தில் வாயு குறையலாம். மூடாத ஓரத்திலும் ஓட்டையிலும் கசியலாம். ஒட்டிய பசையிலிருந்தும் வரலாம். அதனால்தான் பலகையின் சான்று பலகைக்கு, மேஜையின் சான்று மேஜைக்கு. எங்க கையில இருந்ததோ, வேற நாட்டுல பிறந்த வேற ஒரு மேஜையோட சான்று. அண்ணன் ஜாதகத்தைக் காட்டி தம்பியைக் கட்டி வெச்ச மாதிரி.

சமர்ப்பிக்க மூணு நாள்தான் இருந்தது. வெண்டர் திரும்ப போன் பண்ணார். "மேடம், ரிவியூ பண்றவங்க கடைசி எழுத்து வரைக்கும் எல்லாம் பாக்க மாட்டாங்க."

உண்மையைச் சொல்றேன், அவர் சொன்னது சரியா இருந்திருக்கும். அவ்வளவு பிடிஎஃப்ல அந்த ஒரு எழுத்தை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அந்த ஃபைலைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நான் கண்டுபிடிச்சேன்னு யாருக்கும் தெரியாது. சும்மா விட்டாலே போதும்.

காலையில என் சீனியர்கிட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. "எடுத்துடு"ன்னாங்க. அவ்வளவுதான்.

52 லட்சம் வரியை அழிச்சேன். 85 சதவீதம், 33 ஆச்சு. அந்த வகை போனதால ஒரு பாயிண்ட் போச்சு. பிளாட்டினத்துக்கு 80 வேணும். எங்ககிட்ட 81 இருந்தது, இப்போ 80. அப்புறம் ரிவியூல வேற ஏதோ ஒரு விஷயத்துல இன்னொரு பாயிண்ட்டும் போச்சு. முடிவு 79. கோல்ட். கிளையன்ட் தரப்பு மேனேஜர் என்னைப் பார்த்து, "ஒரு எழுத்துக்காகவாம்மா?"ன்னு கேட்டார். அவங்க அடுத்த ப்ராஜெக்ட் எங்களுக்கு வரலை.

ஆறு வாரம் கழிச்சு வேற வேலையா அந்த ஆபீஸுக்குப் போனேன். ஏப்ரல் மாசம். வாரக் கடைசியில ஏசியை நிறுத்திடுவாங்க, திங்கக்கிழமை காலையில உள்ளே போனா புதுச் சாமான் வாசனை முகத்துல அடிச்சுது. ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சுட்டே டைப் பண்ணிட்டிருந்தாங்க. "புது ஆபீஸ் இல்லையா, முதல்ல அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க"ன்னாங்க.

அது அந்த மேஜையால வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. தூசியா இருக்கலாம், ஏசியா இருக்கலாம், ராத்திரி தூக்கமில்லாம இருக்கலாம். மேஜையால இல்லைன்னும் சொல்ல முடியாது. ஏன்னா அந்த மேஜையை யாருமே அளக்கலை. என் கையில காகிதம் இருந்திருந்தா, 'இது மேஜை இல்லம்மா, வேற எதையாவது பாருங்க'ன்னாவது அவங்களுக்குச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தான் இந்த ஆவணம் எல்லாம். அன்னைக்குத்தான் அது எனக்கு உறைச்சுது. தப்பான சான்றை ஏத்தியிருந்தா, ஆதாரமே இல்லாம அந்த வார்த்தையை அவங்ககிட்ட சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

சான்று இருந்தா மட்டும் எல்லாம் சரின்னும் நான் சொல்லலை. அந்தச் சோதனை அறையில் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம்தான் இருக்கும். நம்ம மே மாசம் அப்படியா இருக்கு? அதனால நம்ம ஊர்ல எண் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனா ரெண்டு மேஜையில எது மேல்னு ஒப்பிட அதை விட்டா நமக்கு வேற வழி இல்லை.

இப்போ நான் பண்றது ஒண்ணே ஒண்ணுதான். சர்டிபிகேட்டைக் கடைசியில கேக்கறதில்லை, ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே கேக்கறேன். பர்ச்சேஸ் ஆர்டர்லயே ஒரு வரி: சான்றில் உள்ள சீரிஸ், தயாரிப்பு இடம், செல்லுபடித் தேதி மூணும் டெலிவரி ஆகும் பொருளோட பொருந்தணும், மாத்தினா எழுத்துல சொல்லணும். சான்று கொடுத்த அமைப்போட இணையதளத்துல பெயரைத் தேடி, இன்னைக்கும் பட்டியல்ல இருக்கான்னு பார்க்கறேன். அந்த ஷெட் அண்ணா மேல எனக்குக் கோபமே இல்லை. அவர்கிட்ட யாரும் முன்கூட்டியே கேக்கலை. கேட்டிருந்தா சோதிச்ச டாப்பையே வரவழைச்சிருப்பாங்க.

உங்க வீட்டுக்கு லீட் எல்லாம் வேண்டாம். ஆனா இஎம்ஐ-ல மாடுலர் கிச்சன், கபோர்டு போடறப்போ மூணு விஷயம் பண்ணுங்க. ஒண்ணு, பலகை என்ன பிசின்னு கேளுங்க. ஐஎஸ் 710 மரைன் பிளைவுட்டில் இருப்பது ஃபீனால் பிசின். அது யூரியா பிசினை விட ரொம்பக் குறைவாகவே வாயு விடும். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டுன்னா இ1 தரமாவது இருக்கான்னு பாருங்க. ரெண்டு, வெட்டின ஓரம், துளை, கபோர்டோட பின்பக்கம் எதையும் மூடாம விட வேண்டாம்னு தச்சர்கிட்ட சொல்லுங்க. மூணு, வேலை முடிஞ்ச அன்னைக்கே குழந்தையை அந்த ரூம்ல தூங்க வைக்காதீங்க. சில வாரம் கதவு, ஜன்னல், டிராயர் எல்லாம் திறந்து காத்தாட விடுங்க. ஊதுபத்தியும் ரூம் ஸ்பிரேயும் வாசனையைத்தான் மறைக்கும், வாயுவைக் குறைக்காது.

இன்னொரு விஷயம். ஒரு வருஷத்துக்கு மேல பழசான மரச்சாமானை மறுபடி பயன்படுத்தினா, லீட் அதையும் தேறினதாவே எடுத்துக்கும். சோதனை ரிப்போர்ட் கேக்காது. ஊர்ல தாத்தா எழுதின தேக்கு மேஜை எங்க வீட்டு மாடியில தூசி படிஞ்சு கிடந்தது. போன மாசம் லாரியில ஏத்திக் கொண்டு வந்தேன். இந்த எபிசோடை அது மேல மைக்கை வெச்சுத்தான் பேசறேன். அதுக்கு மட்டும் ஜாதகம் தேவையில்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.