பிள்ளைகளின் விழாவும் சிறு வாணிபமும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உத்தியோகத்தை மட்டும் நம்பியிராது சுயதொழிலொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்கும் மாணவர். ஆயினும் நூலிற் கண்டதை ஒப்புவிக்க இங்கு வரவில்லை. விடுமுறை நாட்களில் நண்பர் நால்வர் கூடிக் கிளிநொச்சியிலே ஒரு சிறு தொழில் செய்து பார்த்தோம். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்கு வேண்டிய சோடனை, கேக், விளையாட்டு என்பவற்றை ஒழுங்குசெய்து கொடுப்பதே அத்தொழில். அதிலே கற்றதையும், அதிலே விட்ட பிழையையும் உங்கள் முன் வைக்கின்றோம்.

"இதுவும் ஒரு தொழிலா?" என்று மூத்தோர் சிலர் முறுவலிப்பது தெரிகின்றது. பிள்ளைக்கு விழா எடுப்பது நமக்குப் புதிதன்று. 31 ஆம் நாள் துடக்குக் கழிவு, சோறு தீத்தல், காது குத்து, ஆண்டு நிறைவு, விசயதசமியில் ஏடு தொடக்கல் என்று எத்தனை! பல்லு முளைத்த பிள்ளையை இருத்தி, தலையிலே வெள்ளைத் துணி விரித்துக் கொழுக்கட்டை சொரிகின்றோம். முன்னே வைத்த ஏடு, எழுதுகோல், நகை என்பவற்றுள் எதனைப் பிள்ளை எடுக்கப் போகின்றது என்று அயலட்டை முழுவதும் ஆவலோடு பார்த்திருக்கும். கொழுக்கட்டையிலே பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டுப் பதிக்கும் அம்மம்மாவின் கைவண்ணத்தை எந்தக் கேக் வெல்லும்? முன்னாளில் இவ்வேலைகளைச் சுற்றத்தாரே செய்தனர். இன்றோ மாமா கனடாவில், பெரியம்மா பிரான்சில். உதவிக்குக் கை குறைந்த இடத்திலேதான் எமது தொழிலுக்கு வழி பிறந்தது.

இன்னுமொரு காரணம் உண்டு. எம் வயதினர் பலருடைய 5 ஆம், 6 ஆம் பிறந்தநாள்கள் 2009 ஆம் ஆண்டை ஒட்டிப் பதுங்குகுழியிலும் செட்டிகுளத்து முகாம்களிலும் கழிந்தன. மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. அந்நாளில் மெழுகுவர்த்தி இருட்டுக்கு உதவியதேயன்றிக் கேக்கின்மேல் ஏறியதில்லை. மூத்த பிள்ளைக்கு ஒன்றுஞ் செய்ய இயலாதிருந்த தாய், இளைய பிள்ளைக்காவது செய்து பார்க்க விரும்புகின்றாள். அவ்விருப்பத்தை ஆடம்பரம் என்று நகைப்பது தகாது. அதனைக் காட்டிப் பணம் பறிப்பது அதனினுந் தகாது.

சந்தைப்படுத்தலுக்குப் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என நான்கு அங்கங்கள் உள என்று 1960 ஆம் ஆண்டில் மக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தார். இந்நான்கும் வன்னி மண்ணிலே எவ்வாறு பொருந்துகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது பொருள். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் நம் வீடுகளில் முட்டை சேராத கேக்கே வேண்டும். இதனைக் கேட்குமுன் சொல்பவனை வீட்டார் நம்புவர். காலையிலே கோயிலில் அருச்சனை, மாலையிலே விளையாட்டு என்று நாளை வகுத்துக்கொடுத்தால் அப்பாச்சிக்கும் மகிழ்ச்சி, பேரனுக்கும் மகிழ்ச்சி. யானைக்குக் கண் வைத்தல், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, பணிஸ் உண்ணல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. பலூனிலே மாத்திரம் கவனம் வேண்டும். 1824 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே இறப்பர்ப் பலூனைச் செய்தது விளையாட்டுக்கன்று. ஐதரசன் முதலிய வாயுக்களை ஆராய்தற்கே. ஐதரசன் நிரப்பிய பலூன் மெழுகுவர்த்தியருகே தீப்பற்றும். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைக்கும். ஆதலின் வாயால் ஊதிய பலூனையே கட்டினோம்; வெடித்த துண்டுகளைப் பொறுக்குவதற்கென்றே ஒருவரை நிறுத்தினோம்.

இரண்டாவது விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. இன்று சொன்ன விலைக்கு அடுத்த மாதம் மாவும் சீனியும் கிடைக்கா என்னும் அச்சம் அன்று எல்லார்க்கும் இருந்தது. அந்நாளை நினைந்து, முற்பணம் வாங்கிய அன்றே சாமான் வாங்கி, சொன்ன விலையை மாற்றாதிருத்தல் வேண்டும் என்று விதி செய்தோம். ஒவ்வொன்றின் விலையையும் தாளில் எழுதிக் கொடுத்தோம். கமக்காரன் வீட்டிலே அரிவி வெட்டு முடிந்தாற் கையிற் காசிருக்கும். மார்கழி மாரியிலே காசெல்லாம் வயலிற் கிடக்கும். இதனை அறியாதவன் வன்னியிலே விலை பேசுதல் அரிது.

மூன்றாவது இடம். மண்டபம் வேண்டியதில்லை. வன்னி வீட்டு முற்றமும் மாமர நிழலுமே போதும். ஆயினும் தொழில் நிலைக்க வேண்டுமாயின் பிரதேச செயலகத்திலே வியாபாரப் பெயரைப் பதிவுசெய்தலும், கேக் உணவாதலின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுரை கேட்டலும் கடமையாம்.

நான்காவதாகிய மேம்படுத்தலிலேதான் யாம் வழுக்கினோம். வெளிநாட்டுப் பணத்திலே நடந்த பெரிய விழாவொன்றைப் படம்பிடித்து முகநூலிலே இட்டோம். பலூன் வளைவும் மூன்றடுக்குக் கேக்கும் கண்டு பலர் பாராட்டினர். ஒரு கிழமைக்குள் அதே ஒழுங்கையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவனை இழந்து, கூலிவேலை செய்து பிள்ளையை வளர்ப்பவர். "தம்பி, முன்வீட்டுப் பிள்ளைக்குச் செய்தமாதிரியே என்ரை பிள்ளைக்கும் செய்து தாங்கோ" என்றார். யாமும் மகிழ்ந்து செய்து கொடுத்தோம். சில நாட்களின் பின் கோயில் வீதியிலே அவரைக் கண்டோம். காதிலே தோடில்லை, வேப்பங்குச்சி இருந்தது.

எமக்கு எஞ்சிய கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "பிள்ளை சந்தோசப்பட்டது, காசு வேண்டாம்" என்று மறுத்தார். அடகு வட்டிக்கென்று வற்புறுத்தியே ஏற்கச் செய்தோம். தோடு மீண்டதா என்று கேட்க எமக்கு இன்றுந் துணிவில்லை.

பெருநகரிலே விளம்பரத்தைப் பார்ப்பவர் முன்பின் அறியாதவர். நம்மூரிலோ அடுத்த வீட்டுத் தாய் பார்க்கின்றாள். யாம் இட்ட ஒவ்வொரு படமும் அவளுக்கு ஓர் அளவுகோலாகின்றது. வறட்சி வாட்டிய மாவட்டங்களிலே பெண்கள் பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்ததை நாம் அறிவோம். அச்சுமையின்மேல் பிறந்தநாட் கடனையும் ஏற்றுவது வாணிபமாகுமா? வள்ளுவர் வணிகரைப் பற்றிச் சொன்னதை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். அதன் காரணத்தை வேப்பங்குச்சியைக் கண்ட அன்றே உணர்ந்தோம்.

அதன்பின் முறையை மாற்றினோம். 15 பிள்ளைகள், ஒரு கேக், ஐந்து விளையாட்டு, குருத்தோலைத் தோரணம் என்று ஒரு சிறு திட்டம் வகுத்து, விலைத்தாளின் தலையிலே அதனையே எழுதினோம். யாம் கற்ற மிசன் பாடசாலையிலே ஒளிவிழாவுக்குரிய கடதாசிச் சோடனைகளை மாணவரே கையாற் செய்வது வழக்கம். அம்முறையைக் கைக்கொண்டு, வந்த பிள்ளைகளைக் கொண்டே சோடனை செய்வித்தோம். அதுவே ஆறாவது விளையாட்டாயிற்று! பெரிய விழாவின் படத்தை எடுத்துவிட்டு, பெற்றாரின் அனுமதியோடு இச்சிறு விழாவின் படத்தை இட்டோம். முன்பள்ளி வாசலிலே தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லியே எமக்கு அழைப்புகள் வந்தன. ஒரு விழாவில் வரும் இலாபம் குறைந்தது. ஆனால் நிம்மதியாய் நித்திரை கொண்டோம்.

இளைஞர்களே, இத்தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. சங்கத்தின் கதிரைகளையும் விளையாட்டுச் சாமான்களையும் சிறு வாடகைக்குத் தந்தால் நம்முள் பலர் தொடங்கலாம்.

பெரியோர்களே, உங்களிடத்தும் ஒரு விண்ணப்பம். விழா வீட்டுக்குச் சென்று திரும்புவோரிடம் "எவ்வளவு செலவாம்?" என்று கேளாதீர்கள். "பிள்ளைகள் நன்றாய் விளையாடினார்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஊரிலே வழக்கமானால், எந்தத் தாயும் தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை.