மேடைப் பாட்டும் தொண்டையும்

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ அரிச்சந்திரன் நாடகம் போட்டால், பின்வரிசைப் பாட்டிமார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மயான காண்டத்துக்காகத்தான். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனை மடியில் கிடத்திக்கொண்டு சந்திரமதி புலம்புவாள். அந்தப் பாட்டு கீழே தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் போய் நிற்கும். அங்கே கூட்டம் உருகிவிட்டால் நாடகம் வென்றது. ஆனால் பல பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிக்கொள்வதும் அந்த இடத்தில்தான். அதை எப்படிக் கடப்பது என்று இன்று பார்ப்போம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாடகங்கள் எழுதிய காலத்தில் மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடித்தான் கடைசி ஆள்வரை குரலைக் கொண்டுசேர்த்தார்கள். அந்த வழியில் புகழ் பெற்றவர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும். கிட்டப்பா 1933-இல், 27 வயதிலேயே காலமானார். சுந்தராம்பாளின் குரலோ 1953-இல் 'ஔவையார்' படத்திலும், ஐம்பது வயதைக் கடந்தபின் 1965-இல் 'திருவிளையாடல்' படத்திலும் கணீரென்று ஒலித்தது. வெறும் தொண்டை பலத்தால் கத்தியிருந்தால் ஒரு குரல் இத்தனை ஆண்டுகள் நிற்குமா?

நம் தொண்டைக்குள் இரண்டு சிறு சவ்வு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் நீளம் ஒரு விரல் நகத்தளவுதான். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மேல் ஸட்ஜமத்தைப் பிடிக்கும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 390 முறை ஒன்றோடொன்று தட்டுகின்றன. மேல் பஞ்சமத்துக்குப் போனால் ஏறத்தாழ 590 முறை. இவ்வளவு மெல்லிய உறுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலும் மேலும் காற்றை மோதவிட்டால் அது வீங்கும். மாதக்கணக்கில் அப்படியே செய்தால் தடித்து முண்டு விழும்.

அப்படியானால் வலு எங்கிருந்து வரும்? மூச்சிலிருந்து. விலாவின் இரு பக்கமும் கை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். தோள் உயரக்கூடாது, விலாவும் வயிறும் விரிய வேண்டும். பாடத் தொடங்கியதும் விரிந்த விலாவைச் சட்டென்று விட்டுவிடாமல் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். பால்மரம் வெட்டிய காலத்தில் காண்டா வாளியில் பால் சுமந்த தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாளி நிறைந்திருக்கும், ஆனால் தளும்பாது. மூச்சும் அப்படித்தான்.

குரல் தூரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஜோகன் சுண்ட்பெர்க் 1970-களில் ஒப்பரா பாடகர்களின் குரலை அளந்து பார்த்தார். நொடிக்குச் சுமார் 3000 அதிர்வுகள் என்ற பகுதியில் அவர்கள் குரலுக்குத் தனி வலு இருந்தது. பெரிய வாத்தியக் குழுவின் ஓசை அந்தப் பகுதியில் மெலிந்துவிடும். அதனால்தான் மைக் இல்லாமலே அவர்கள் குரல் எடுபடுகிறது. நாம் 'கணீர்' என்று சொல்வதும் இதற்கு மிக நெருங்கியதுதான் என்பது என் எண்ணம். வாயை மூடி 'ம்' என்று மெதுவாக இழுத்தால் உதட்டிலும் மூக்கடியிலும் ஒரு கிறுகிறுப்புத் தெரியும். அதை விட்டுவிடாமல் வாயைத் திறந்து 'மா' என்று பாடப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

எங்கள் பள்ளியில் சந்திரமதியாக நடித்த ஒரு மாணவி ஒத்திகையில் உண்மையாகவே அழுதுவிடுவாள். அழுகை வந்ததும் தொண்டை அடைத்து, மேல் ஸ்தாயி வராது, பிறகு கத்துவாள். அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "அழுவது கூட்டத்தின் வேலை, பாடுவது உன் வேலை." துக்கத்தை முகத்திலும் சொல்லின் உச்சரிப்பிலும் காட்டலாம், தொண்டையில் காட்டக்கூடாது. 'மகனே' என்று கதறும் இடத்தில் ம, க இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு 'ஏ'-யில் நில்லுங்கள். உச்சத்தில் தாடையை இறக்கி, அந்த 'ஏ'-யைச் சற்று அகலமாக்கிக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே முழுக் குரலையும் கொட்டிவிட்டால் கடைசி வரிக்கு மிச்சம் இருக்காது. இதை நம் இளைஞர்கள் ஏனோ கேட்பதே இல்லை!

சுருதியையும் பிள்ளைக்கு ஏற்றபடி வையுங்கள். இன்று மைக் இருக்கிறது; பழைய நடிகரின் கட்டையில்தான் பாடவேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பது வீண். குரல் உடைகிற வயதுப் பையன்களுக்குச் சுருதியை இறக்கியே தீரவேண்டும். உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கும்போது தன் குரல் தனக்கே கேட்காமல் கத்துவது இயல்பு. ஒரு கையைக் காதோரம் குவித்துக்கொண்டால் ஓரளவு கேட்கும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு, பிரிக்பீல்ட்ஸில் 1981-இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான்.

தொண்டை கட்டிவிட்டால் இஞ்சிச் சாறும் தேனும் இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது உணவுக் குழாயில் போகிறதே தவிர குரல் மடிப்பைத் தொடுவதில்லை. தண்ணீர் நிறையக் குடித்துப் பேசாமல் இருப்பதே மருந்து. கிசுகிசுப்பதை ஓய்வு என்று எண்ணாதீர்கள், அதுவும் உழைப்புத்தான். அடிக்கடி கனைப்பதையும் நிறுத்துங்கள். மூன்று வாரமாகியும் கரகரப்புப் போகவில்லையானால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அதுவரை அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்ற வேண்டாம். வேறொரு சந்திரமதியைத் தேடிக்கொள்ளலாம்.