ஊர்க் கணக்கும் ஊராரும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி வகுப்பில் படிக்கப்பட்ட உபந்நியாசம்)



கிராமத்திற்கென்று சர்க்கார் செலவிடும் பணம் இரண்டு கணக்குகளில் பதிவாகின்றது. ஒன்று காரியாலயத்துப் புத்தகம். மற்றொன்று ஊராரின் கண்ணும் ஞாபகமும். குளத்தில் எத்தனை பேர் மண் வெட்டினர், எத்தனை நாள் வெட்டினர், கூலி கைக்கு வந்து சேர்ந்ததா என்பன கிராமத்தில் யாவர்க்கும் தெரிந்த சங்கதிகளே. ஆயினும் இவ்விரு கணக்குகளையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பு நோக்குவது நெடுங்காலம் வழக்கத்தில் இல்லை. புத்தகத்தைப் பார்க்கும் தணிக்கை உத்தியோகஸ்தர்க்குக் குளம் தெரியாது. குளத்தை அறிந்த குடியானவருக்குப் புத்தகம் காட்டப்படுவதில்லை. இந்த இடைவெளியிலேதான் ஏட்டுச் சுரைக்காய்கள் கொடிவிட்டுப் படர்ந்தன.

கணக்குக் காட்ட வேண்டும் என்னும் விதி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை, குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அங்கே கண்டிருக்கின்றது. அண்ணன் செய்த தவற்றுக்குத் தம்பியும் விலக வேண்டியிருந்தது. இக்கல்வெட்டைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை. பெண்டிருக்கும், உழுது பயிரிட்டவர்க்கும் அதில் இடம் இல்லை. கணக்குக் கேட்கும் உரிமை அங்கே சிலர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது.

அவ்வுரிமையைக் கூலி வேலை செய்வோரே கையில் எடுத்துக்கொண்ட சரித்திரம் ராஜஸ்தானத்தில் நடந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் தேவடுங்கிரி என்னும் சிற்றூரில் மண் குடிசையில் வாழ்ந்து குடியானவர்களோடு வேலை செய்து வந்தார்கள். 1990-ம் வருஷம் மே மாதம் 1-ம் தேதி மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்னும் சங்கம் ஏற்பட்டது. பஞ்ச நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி முழுவதும் கொடுபடவில்லை என்பதே ஆதியில் அவர்களுடைய முறையீடு. கேட்டபோதெல்லாம், "வேலை அவ்வளவு நடக்கவில்லை என்று ரிக்கார்டு சொல்லுகின்றது" என்ற விடையே வந்தது. அப்படியானால் அந்த ரிக்கார்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது சர்க்கார் ரகசியம் என்றார்கள். மண் வெட்டியவளுக்குத் தன் கூலிப் பட்டியே ரகசியமாம்!

1994-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், எவ்வாறோ கைக்குக் கிடைத்த கணக்கு நகல்களைக் கொண்டு, கோட் கிரானா என்னும் ஊரில் முதல் பொது விசாரணை கூட்டப்பெற்றது. மஸ்டர் ரோல் என்னும் கூலிப் பட்டி, வவுச்சர், பில் ஆகியவை ஜனங்கள் நடுவில் உரக்க வாசிக்கப்பட்டன. ஊரை விட்டுப் போனவர்களும், இறந்தவர்களும் வேலை செய்து கூலி வாங்கியதாகப் பட்டியில் கண்டது. அந்த வேலைப் பக்கமே போகாதவர்கள் தங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டுத் திகைத்தனர். வாங்கியதாக எழுதிய சாமான்கள் வந்து இறங்கவே இல்லை என்று ஊரார் சாட்சி சொன்னார்கள். தொடர்ந்து பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்களுடைய கோஷம். 1996-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பியாவர் பட்டணத்தில் 40 நாள் தர்ணா நடைபெற்றது. 2000-ம் வருஷத்தில் ராஜஸ்தானத்திலும், 2005-ம் வருஷத்தில் தேசிய அளவிலும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-ம் பிரிவில், வேலைகளைக் கண்காணிப்பதும் சமூகத் தணிக்கை நடத்துவதும் கிராம சபையின் பொறுப்பு என்று விதித்தது. 2011-ம் வருஷத்து விதிகள் அத்தணிக்கையை ஆறு மாதத்திற்கு ஒரு தரம் நடத்தும்படி கட்டளையிட்டன.

சட்டம் சொல்லுவது ஒன்று. அதைச் செய்யும் விதம் மற்றொன்று. ஐக்கிய நாணய சங்கங்களின் மகாசபைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வரவு செலவு அறிக்கை "வாசிக்கப்பட்டதாக வைத்துக்கொள்ளப்பட்டு" நொடியில் அங்கீகாரம் பெறும். பிறகு காப்பி வரும். கிராம சபையும் அவ்வாறே நடக்குமாயின், அங்கே கையெழுத்திட்டவர்கள் தாங்கள் அறியாத செலவுக்குத் தாங்களே சாட்சியாகின்றார்கள். கணக்கை மேஜைமேல் வைப்பது போதாது. அது வாசிக்கப்பட வேண்டும், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு விளங்கும் பாஷையில். "மதிப்பீட்டுத் தொகை இவ்வளவு லட்சம்" என்றால் சபை மௌனமாயிருக்கும். "இந்தச் சாக்கடைக்கு இத்தனை மூட்டை ஸிமெண்டு போட்டதாக எழுதியிருக்கின்றது" என்றால், அந்த மூட்டையைச் சுமந்தவரே எழுந்து பேசுவார்.

மண் வேலைக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு குளத்தை 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் வெட்டியதாக அளவுப் புத்தகத்தில் கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அஃதாவது 1,200 கன மீட்டர் மண். ஊரார் நான்கு பேர் கயிறும் கோலும் கொண்டு அளக்கின்றார்கள். நீளம் சரி, அகலம் 24 மீட்டரே, ஆழம் முக்கால் மீட்டரே. பெருக்கினால் 720. மீதி 480 கன மீட்டருக்கு உரிய கூலி எங்கே போயிற்று என்னும் கேள்விக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கற்ற கணக்கே போதும். ஆனால் மழை பெய்து வண்டல் படிந்த பின் அளந்து பயன் இல்லை. வேலை முடிந்த உடனே அளக்க வேண்டும். வெட்டும்போதே பழைய தரைமட்டத்தைக் காட்ட நடுவில் மண் திட்டுக்களை விட்டுவைப்பது வழக்கம். அத்திட்டுக்கள் அளவெடுக்கு முன்னரே வெட்டி எறியப்பட்டிருந்தால், அதையே முதற் கேள்வியாகக் கேட்கலாம்.

ஆந்திரத்தில் 2006-ம் வருஷம் முதல் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. 2009-ம் வருஷத்தில் இதற்கெனத் தனி ஸ்தாபனமே ஏற்பட்டது. கூலி வேலை செய்யும் குடும்பங்களின் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் பயிற்சி அளித்து, தங்கள் சொந்த ஊரல்லாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்து, கிராம சபையில் வாசித்து, பின்பு மண்டலத் தலைமையிடத்தில் உத்தியோகஸ்தர் முன்னிலையில் பொது விசாரணை நடத்துவித்தனர். சொந்த ஊருக்கு அனுப்பாதது விவேகமான ஏற்பாடு. பங்காளியின் பெயரைச் சபையில் வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது கிராமத்தில் பிறந்தவர்க்குத் தெரியும்.

இங்கே பயத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமாகாது. கணக்குக் கேட்கும் கூலிக்காரிக்கு அடுத்த நடவில் வேலை கொடுப்பவரும், அவசரத்திற்குக் கடன் கொடுப்பவரும், சில சமயம் குடிதண்ணீர்க் குழாயைத் திறப்பவரும் ஒருவரேயாயிருப்பர். 2008-ம் வருஷம் மே மாதத்தில் ஜார்க்கண்டு மாகாணத்துப் பலாமு ஜில்லாவில், சமூகத் தணிக்கை ஒன்று நடந்துகொண்டிருக்கையில், அதில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா என்னும் இளைஞர் கொலையுண்டார். அதன் பின்னும் தணிக்கை கைவிடப்படவில்லை. அம்மாதத்திலேயே பொது விசாரணை நடந்தது. ஆகையால் "ஜனங்கள் ஏன் வாய் திறப்பதில்லை?" என்று மேடைமேல் இருந்து கடிந்துகொள்ளும் பிரமுகர்கள், வாய் திறந்தவளுக்கு மறுநாள் என்ன நேர்கின்றது என்பதையும் விசாரிப்பது நலம். தனியே எழுந்து நிற்பவரைவிட ஒரே தெருவிலிருந்து சேர்ந்து வரும் பத்துப் பேருக்கு ஆபத்துக் குறைவு. மகளிர் குழுக்கள் உள்ள ஊர்களில் இது எளிது.

கூட்டம் கூடும் இடமும் நேரமும் அற்ப விஷயங்கள் அல்ல. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்னும் நான்கு நாட்களோடு, 2022-ம் வருஷம் முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் கிராம சபை கூடுகின்றது. தேதி நிச்சயமாயிருப்பது நல்லதே. ஆயினும் ஒவ்வொரு தடவையும் கோயில் மண்டபத்திலேயே கூடினால் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து எவ்வளவு பேர் வருவர்? இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் சபையின் முகமே மாறும்.

செலவானதைப் பார்ப்பதோடு, இனி எதற்குச் செலவிடுவது என்று சொல்லுவதும் ஊராரின் பாத்தியதை. கேரளத்தில் 1996-ம் வருஷம் ஆரம்பித்த ஜனகீய ஆசூத்திரணத்தில், மாகாணத் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கி, தேவைகளைக் கிராம சபைகளே சொல்லும்படி செய்தார்கள். கேட்டால் எல்லாரும் தெரு விளக்கே கேட்பார்கள் என்று பரிகசிப்பவர்கள் உண்டு. இருட்டில் நடக்க வேண்டியவர்கள் தெரு விளக்குக் கேட்பதில் பரிகசிக்க என்ன இருக்கின்றது?

கடைசியாக ஒரு குறை. சமூகத் தணிக்கைகளில் வெளிப்பட்ட தொகைகளில் சிறு பகுதியே திரும்ப வசூலாயிற்று. ஒரு முறை எழுந்து பேசி, பணம் திரும்பாததையும் தவறு செய்தவர் அதே நாற்காலியில் இருப்பதையும் கண்ட ஜனங்கள் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. எனவே கிராம சபை நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயமாகச் சென்ற கூட்டத்துத் தீர்மானங்களை வாசித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, யாரிடம் நிற்கின்றது என்று பெயரோடு குறிப்புப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். தலைவர் அதற்கு இணங்காவிடின், அந்தக் குறிப்புப் புத்தகத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. விடை தர வேண்டிய கெடு 30 நாள்.